எறக்க என்ன வழி

மகனே, பையை இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதே. வாங்கிவிட்டாய் என்றால் அதை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்து இதைப் படி. நலம் விசாரித்து நாலு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வர எனக்குப் பொறுமை கிடையாது, அது உனக்குத் தெரியும். படித்து முடித்ததும் பெட்டியில் போட்டுப் பூட்டாதே. உன்னோடு வேட்டைக்குப் பேர் கொடுத்திருக்கிற மற்ற மூன்று பேருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. உனக்கு மட்டும் எழுதியது என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. உன் ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற துரை அடுத்த மாதம் மிளா மான் வேட்டைக்குப் போகிறார். நாலு நாள் காட்டில் தங்கல். சுட்டதை அறுத்துக் கறியாகச் சுமந்து வர நாலு ஆள் வேண்டும். ஸ்டோரில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற நீயும் அதில் ஒருவன். யுத்தம் முடிந்ததும் கம்பம் பஜாரில் பட்டாளத்துச் சாமான்கள் குவிந்து கிடக்கின்றன, அதில் ஒரு பச்சைக் கித்தான் பையை முதுகில் மாட்டிப் பார்த்தாய். நெஞ்சுக்கு ஒரு வார், இடுப்புக்கு ஒரு வார், இரண்டுக்கும் பித்தளை பக்கிள். இறுக்கிப் போட்டால் முதுகில் பூனைக்குட்டி உட்கார்ந்திருப்பது போலச் சுகமாக இருக்கிறது. நான் இஞ்சின் வேலை தெரிந்தவன், கனம் எங்கே விழும் என்று எனக்குத் தெரியும், ஆகவே எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறாய். இதுவரை சரி. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். "அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். சுருளி மாமா மாதிரிக் குடித்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் விழுந்து சாகிற ஆள் நான் இல்லை."

உன் கடிதங்களை நான்தான் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறவன். நேற்று அந்த வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். "அம்புட்டுத்தானா?" என்று கேட்டாள். "அம்புட்டுத்தான்" என்றேன். விழுங்கினது தொண்டையிலேயே நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கேட்டதற்குப் பதில். பட்டாளத்துப் பை சட்டையும் ரொட்டியும் சுமக்கத் தைத்தது. ரோட்டில் வரிசையாக நடக்கிறவனுக்கு அது போதும். மிளாக்கறி ஈரம், சூடு, சரிந்துகொண்டே இருக்கும். நீ பத்தடி நடப்பதற்குள் கறி எல்லாம் பையின் அடியில் போய்க் குந்திக்கொள்ளும். கனம் கீழே இறங்கினால் உன்னைப் பின்னால் இழுக்கும், அதை ஈடுகட்ட நீ முன்னால் குனிவாய், குனிந்தபடியே ஒரு மேடு ஏறினால் மறுநாள் நிமிர மாட்டாய். ஆகவே பை உன் முதுகு நீளத்துக்கு இருக்க வேண்டும். சட்டை அளவு உதவாது. கழுத்துக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரைக்கும் நூல் பிடித்து அளந்துகொள். அந்த நீளத்துக்கு மூங்கிலில் ஏணி மாதிரி ஒரு சட்டம் கட்டு. இரும்பு வேண்டாம். சட்டத்தின் குறுக்கே இரண்டு இடத்தில் அகல நாடாவை இழுத்துக் கட்டினால் அந்த நாடாதான் உன் முதுகைத் தொடும். மூங்கிலுக்கும் முதுகுக்கும் நடுவில் இரண்டு விரல் காற்று ஓடும். தோள் வார் நாலு விரல் அகலம் இருக்கட்டும், உள்ளே பழைய கம்பளியை இரண்டாக மடித்து வைத்துத் தை. குறுகின வார் போட்டால் கொஞ்ச தூரத்திலேயே கை மரத்துப்போகும், அப்புறம் கிளையைப் பிடிக்கிறாயா காற்றைப் பிடிக்கிறாயா என்று உனக்கே தெரியாது.

கறியை எலும்போடு சுமக்கிறவன் முட்டாள். தொடையை எலும்பு நீக்கி, நிழலில் கொடியில் போட்டுச் சூடு ஆறவிட்டு, அப்புறம் கட்டு. சூட்டோடு அமுக்கினால் எஸ்டேட் வந்து சேருவதற்குள் நாற்றம் எடுத்துவிடும். பழைய வேட்டித் துணியில் தனித்தனிப் பொட்டலமாகச் சுற்றி, கனமானதை முதுகை ஒட்டித் தோள்பட்டைக்கு நேராகவும் லேசானதை வெளிப்பக்கமும் வை. அறுபது ராத்தலுக்கு மேல் ஒரு நடைக்கு எடுக்காதே. வளர்ந்த மிளாவை நாலு பேர் ஒரே நடையில் கொண்டுவந்து சேர்க்க முடியாது. முடியும் என்று துரை சொல்லுவார். அவர் கையில் துப்பாக்கி மட்டும்தான் இருக்கும், அதையும் பாதி தூரம் ஒருவன் தூக்கி வருவான். இரண்டு நடை போ. பையின் அடியில் கட்டைவிரல் நுழைகிற மாதிரி நாலு ஓட்டை போடு. மெழுகுக் கித்தான் வாங்காதே. தோல் வார் எந்த இடத்திலும் வேண்டாம். பக்கிள் வேண்டவே வேண்டாம். ஏன் என்று கேட்பாய். சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு ஒன்பது வயதாகிறவரை நாம் மேலே தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். மதுரையில் தொழிற்பள்ளியில் பிட்டர் வேலையும் டிராயிங்கும் படித்துவிட்டு, அந்த எஸ்டேட் தொழிற்சாலையில் இஞ்சின் பார்க்கப் போனவன் நான். பதினெட்டில் கல்யாணம், பத்தொன்பதில் நீ. இப்போது எனக்கு முப்பத்தேழுதான், இது கிழவன் புலம்பல் என்று ஒதுக்கிவிடாதே. உன் அம்மாவின் தம்பி சுருளி, அக்காவைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கூடலூரிலிருந்து மலையேறி வந்தவன், திரும்பிப் போகவே இல்லை. தொழிற்சாலையில் இலை அள்ளுகிற வேலை வாங்கிக் கொடுத்தேன். அந்தத் துரை வேட்டைக்குக் கிளம்பினால் கறி சுமக்கவும் அவன்தான். உனக்குக் காது குத்தினபோது அவன் மடியில்தான் உட்கார்ந்திருந்தாய். வலி தாங்காமல் அவன் வலது கட்டைவிரலைக் கடித்துவிட்டாய், ரத்தம் வந்தது. "ஏலே, காதுதானடா குத்துறாக, கைய எதுக்குடா திங்குற?" என்று சிரித்தான். அந்தத் தழும்பு அவனுக்குப் போகவில்லை. தாய்மாமன் சீர் என்று அதைத்தான் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிவான்.

அவன் குடித்தானா என்றால், ஒரே ஒரு தடவை, வீரபாண்டித் திருவிழாவில் கூட்டாளிகள் கள்ளை ஊற்றிவிட்டார்கள். வேப்பமரத்தடியில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். அதற்கப்புறம் கள்ளுப்பானை இருக்கிற பக்கம் காற்று அடித்தாலே மூக்கைப் பொத்துவான். இதை நான் கண்ணால் பார்த்தவன்.

எல்லோரும் கறியைக் கோணிச் சாக்கில் கட்டித் தலையில்தான் சுமப்பார்கள். ரத்தம் முகத்தில் வழியும், கழுத்து வலிக்கும், ஈ மொய்க்கும். ஒரு நாள் சுருளி கழுத்தைத் திருப்ப முடியாமல் இஞ்சின் ரூமுக்கு வந்தான். "மச்சான், இஞ்சினுக்கெல்லாம் பெல்ட்டு மாட்டி ஓட விடுறீக. எங் கழுத்துக்கு ஒரு வழி பண்ணப்படாதா?" என்றான். வேடிக்கையாகத்தான் கேட்டான். நான் அன்றைக்கே டிராயிங் பலகையை எடுத்துவிட்டேன். இருபத்தெட்டு வயது, எதைப் பார்த்தாலும் அதைவிட நன்றாகச் செய்யலாம் என்று தோன்றுகிற வயது. துரை பங்களாவில் கிடந்த சீமைச் சாமான் பட்டியலில் முதுகுப்பைப் படம் ஒன்றைப் பார்த்திருந்தேன். அதைவிட உசத்தியாகப் பண்ண வேண்டும் என்று ஒரு வீம்பு. இரும்புக் கம்பியை வளைத்துச் சட்டம். ரத்தம் முதுகில் ஒழுகாமல் இருக்க மெழுகு பூசிய கித்தான், ஒரு சொட்டுக் கசியாது. தொழிற்சாலையில் இஞ்சினுக்குப் போட்டுக் கழித்த தோல் பெல்ட்டை அறுத்து வார்கள். கனம் தோளைவிட்டு இடுப்பெலும்பில் உட்கார ஓர் இடுப்பு வார், ஆடாமல் இருக்க ஒரு நெஞ்சு வார், இரண்டுக்கும் பித்தளை பக்கிள், நானே வார்த்து அரம் போட்டது. அவன் இடுப்பில் செருகி வைக்கிற கத்தி அந்த வாருக்கு இடைஞ்சலாக இருந்தது. அதற்கும் வழி செய்தேன்: பையின் பின்பக்கம் கத்திக்கென்று அழகாக ஓர் உறை தைத்தேன். இதை மறந்துவிடாதே.

நூறு ராத்தல் மணலைப் போட்டு ஒரு முழு நாள் உத்தரத்தில் தொங்கவிட்டேன். ஒரு தையல் பிரியவில்லை. மறுநாள் தொழிற்சாலை முற்றத்தில் சுருளி அதை மாட்டிக்கொண்டு குதித்துக் காட்டினான், கும்மி அடித்தான். துரை சுற்றி வந்து பார்த்துவிட்டு "வெரி குட்" என்றார், இன்னும் மூன்று செய்யச் சொன்னார். எனக்குச் சோறு கொண்டு வந்த உன் அம்மா தூக்குச் சட்டியை வைத்துவிட்டு, தானும் ஒரு தடவை மாட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, தூக்குனதே தெரியல" என்றாள். அப்புறம், "ஆமா, இத எறக்க என்ன வழி?" என்றாள்.

"பக்கிளக் கழட்டுனா எறங்கும்" என்றேன்.

"அவசரத்துக்கு?"

"என்ன அவசரம்?"

"ஒரு ஆனை வந்துருச்சுன்னு வைங்க."

"ஆனை வந்தா இவன் ஓடுவான். பையும் ஆடாம அசையாம இவங்கூடவே ஓடும். அதுக்குத்தான் பண்ணியிருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுருளிக்குக் கொண்டாட்டம். "ஏக்கா, கறிய எறக்கிப் போட்டா ஆனை என்ன திங்கவா போகுது? சாம்பார் வச்சுக் குடுத்தாத்தான் திங்கும்" என்றான். உன் அம்மா சிரிக்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. எங்கப்பா வண்டிமாட்டுக்குக்கூட பூட்டாங்கயித்த ஒரே இழுவையில உருவுற மாதிரித்தான் மாட்டுவாரு. மாடு படுத்துருச்சுன்னா மொத வேலை அதுதான்" என்றாள். அவள் சொன்னது நுகத்தடியோடு மாட்டின் கழுத்தைச் சேர்த்துப் பூட்டுகிற கயிறு. இந்தப் பள்ளத்தாக்கில் வண்டி ஓட்டுகிற எவனும் அதை முடிச்சுப் போட்டு இறுக்க மாட்டான். குச்சியில் மாட்டின கண்ணிதான், உருவினால் மாடு விடுதலை. நான் அவளைப் பார்த்து, அத்தனை பேர் முன்னாலும், "இது மாட்டுவண்டி இல்லடி, இஞ்சினீரிங்" என்றேன். அவள் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சாப்பிட்டேனா இல்லையா என்றுகூட அன்று பார்க்கவில்லை.

அவள் கேட்டது பேச்சில் 'எறக்க'. இப்போது காகிதத்தில் எழுதும்போதுதான் கவனிக்கிறேன், திருத்தமாக 'இறக்க' என்று எழுதினால் சுமையை இறக்குவதற்கும் உயிர் போவதற்கும் ஒரே எழுத்து. அவள் ஒன்றைக் கேட்டாள். நான் மற்றதற்கு வழி செய்து கொடுத்தேன்.

அடுத்த வேட்டை ஐப்பசி மழையில். துரை ஒரு கொம்பன் மிளாவைச் சுட்டுவிட்டு, துப்பாக்கியோடு முன்னால் பங்களாவுக்குப் போய்விட்டார். பின்னால் கறியோடு இரண்டு பேர் வந்தார்கள்: சுருளி என் பையோடு, மொக்கையன் என்று ஒரு லைன் வீட்டுக் கூலியாள் தலையில் கோணிச் சாக்கோடு. என் பை சுகமாக இருக்கிறது என்று சுருளி எண்பது ராத்தலுக்கு மேல் ஏற்றியிருந்தான். சுகமான பையில் இதுவும் ஒரு கெடுதல், எவ்வளவு தூக்குகிறோம் என்று தெரியாது. தொழிற்சாலைக்குக் கீழே ஓர் ஓடை உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அதில் குரவை மீன் பிடிப்பாய். அன்று மதியம் இடுப்பளவுதான் ஓடியது, ஆனால் வேகமாக. நடு ஓடையில் இரண்டு பேருக்கும் கால் வழுக்கியது. மொக்கையன் தலையை ஒரு வெட்டு வெட்டினான், சாக்கு தண்ணீரோடு போயிற்று, அவன் கொஞ்ச தூரம் உருண்டு ஒரு வேரைப் பிடித்துக் கரையேறினான். திரும்பிப் பார்த்தால் சுருளியைக் காணவில்லை. மொக்கையனுக்கு நீச்சல் தெரியாது. கத்திக்கொண்டே இஞ்சின் ரூமுக்கு ஓடி வந்தான். எல்லோருக்கும் முன்னால் நான் ஓடினேன்.

இரண்டு பாறைக்கு நடுவில் சுருளி குப்புறக் கிடந்தான். பையை வெள்ளம் பிடித்து அவனைப் பாறையோடு அமுக்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக் கசியாத என் கித்தான், உள்ளே புகுந்த தண்ணீரையும் ஒரு சொட்டு வெளியே விடவில்லை. தண்ணீருக்குள் கிடக்கிறவரை அந்தத் தண்ணீருக்குக் கனம் இல்லை; தலையைத் தூக்க எழும்போதுதான் கனம் ஏறும். எழுந்திருக்கப் பார்த்திருப்பான், எழ எழ பை கனத்திருக்கும். அவனுடைய இரண்டு கையும் இடுப்பு பக்கிளில் இருந்தன. வலது கட்டைவிரல், நீ கடித்த விரல், பக்கிள் முள்ளுக்கு அடியில் மடங்கி நகம் பெயர்ந்திருந்தது. நானும் அந்த முள்ளை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. தோல் நனைந்து ஊறி முள்ளைக் கவ்விக்கொண்டிருந்தது. மழைக்காலம் வந்தால் இஞ்சின் பெல்ட் தோல் ஊறிப்போகிறது என்று வருஷம் தவறாமல் திட்டுகிறவன் நான். தோல் நனைந்தால் என்ன ஆகும் என்பது என் வேலை. பையை மணலோடு தொங்கவிட்டுச் சோதித்தவன், ஒரு வாளி தண்ணீர் ஊற்றிச் சோதிக்கவில்லை. அவன் கத்தி எங்கே இருந்தது என்று உனக்குத் தெரியும். நான் தைத்த உறையில், அவன் முதுகுக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில்.

என் கால்சட்டையில் பெல்ட் அறுக்கிற கத்தி எப்போதும் இருக்கும். இரண்டு வாரையும் அறுத்துப் பையைக் கழற்றினேன், அவனையும் பையையும் கரைக்கு இழுத்தேன். நெஞ்சை அமுக்கினேன், குப்புறப் போட்டுத் தட்டினேன். ஒன்றும் இல்லை. மேலே ஆட்கள் வருகிற சத்தம் கேட்டது. அப்போது ஒரு காரியம் செய்தேன். அறுந்த இடுப்பு வாரை பக்கிளோடு உருவி என் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். நெஞ்சு வாரையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அவர்கள் வந்து பார்த்தபோது பை தனியாகக் கிடந்தது, சுருளி தனியாகக் கிடந்தான்.

பங்களா பட்லர்தான் முதலில் சொன்னான், "இடுப்பளவு தண்ணியில ஒருத்தன் சாவானா? போட்டுருப்பான்யா." மலையில் ஒரு பேச்சு கிளம்ப எவ்வளவு நேரம்? விசாரிக்க வந்த ஏட்டு என்னைத்தான் கேட்டார், நான் மச்சான் முறை, கூட இருக்கிறவன். "குடிச்சிருந்தானா?" இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். "இருக்கலாம்" என்றேன். ஒரே சொல். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் கறி பங்களாவுக்கு வரவில்லையே என்று பட்லர் ஆள் அனுப்பினான். தண்ணீர் பட்டால் என்ன, கழுவிக்கொள்ளலாம் என்று. பையைத் தலையில் வைத்துச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். சாக்கைத் தண்ணீரில் விட்ட மொக்கையனுக்குத் துரையிடம் வசவு கிடைத்தது. கறியைத் தொலைத்தவன் இன்றைக்கும் பேரன் பேத்தியோடு இருக்கிறான். கறி பத்திரமாக வந்து சேர்ந்தது என் பையில்தான். அந்த வருஷமே எஸ்டேட்டை விட்டுக் கீழே இறங்கினேன். இங்கே வந்து அரிசி மில் இஞ்சினும் கிணற்று இஞ்சினும் பழுது பார்க்கிறேன். மேலே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று உனக்குச் சொல்லியிருந்தேன். அதுவும் பொய்.

உன் தம்பி பிறந்தபோது உன் அம்மா சுருளி என்று பேர் வைக்க வேண்டும் என்றாள். அவளுடைய சித்தப்பாவே கூட்டத்தில், "குடிச்சுச் செத்தவன் பேரையா புள்ளைக்கு வைப்பாக?" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா, உன் தாத்தா, எழுந்து வெளியே போய்விட்டார். அதிலிருந்து தன் மகன் பேரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. வேறு ஏதோ பேர் வைத்தோம். நீயும் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். ஆகவே நீ எழுதின அந்த வரிக்கு உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அந்த வரியை உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நீ அதில் சிரிப்பைச் சேர்த்தாய், அவ்வளவுதான்.

இதுவரை எழுதினதை இன்று காலையில் உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீ எழுதின வரியையும் சேர்த்து, ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். கருவி டப்பாவில் ஒன்பது வருஷமாக ஆணிகளுக்கு அடியில் கிடந்த பக்கிளை எடுத்து முன்னால் வைத்தேன். அறுந்த தோல் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. பக்கிளைக் கையில் எடுத்துத் தோல் அறுந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்.

"கத்திய வச்சு எத்தன இழுவையில அறுந்துச்சு?"

நான் கருவி டப்பாவை மூடப் போனேன்.

"உங்களத்தான் கேக்குறேன். எத்தன இழுவை?"

"ஒன்னு" என்றேன்.

"ஒன்னு" என்று அவளும் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். அப்புறம் எழுந்து பக்கிளை என் கையில் வைத்தாள். "இத எடுத்துக்கிட்டு எங்கப்பாகிட்டப் போங்க. நான் கூட வரல. அவரு உசிரோட இருக்கும்போதே சொல்லிருங்க. அந்தச் சித்தப்பாவையும் கூப்பிட்டு வச்சுச் சொல்லுங்க" என்றாள். கடிதத்தை எடுத்து வைக்கப் போனேன். "அத இன்னும் முடிக்கல நீங்க. அவன வரச் சொல்லி எழுதுங்க. லீவப் போட்டுட்டு வரட்டும். பையோட வரட்டும்" என்றாள்.

ஆகவே இது அவள் சொல்லி எழுதுவது. வேட்டைக்குப் போகாதே என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. போவாய் என்று தெரியும், நீ என் மகன். நான் சொன்ன அளவில் மூங்கில் சட்டம் கட்டிக்கொண்டு வா. வார் எல்லாம் பருத்தி நாடாவாக இருக்கட்டும். ஒரு பக்கத் தோள் வாரின் கீழ்முனையைக் கண்ணியாக்கி ஒரு குச்சியில் மாட்டு, பூட்டாங்கயிறு மாதிரி. இடுப்புக்கு நாடா கட்டுவதென்றால் கட்டு, ஒரே இழுப்பில் உருவிக்கொள்கிற முடிச்சாக. கத்தி உன் இடுப்பின் முன்பக்கம், எந்தக் கையால் எடுத்தாலும் கிடைக்கிற இடத்தில். மற்ற மூன்று பேருக்கும் இதே அளவு. அவர்களில் யாராவது பட்டாளத்துப் பையைத்தான் போடுவேன் என்றால், சுருளி எப்படிச் செத்தான் என்று அவனுக்குச் சொல்லு. இப்போது உனக்குச் சரியாகத் தெரியும்.

நாளைக் காலையில் நான் உன் தாத்தா வீட்டுக்குப் போகிறேன். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, நீ கேட்கவும் வேண்டாம். நீ வந்து சேர்ந்ததும் தோட்டத்துக் கிணற்றில் பையோடு முங்கி எழு. நாடாவும் முடிச்சும் நன்றாக ஊறட்டும். அறுபது ராத்தல் மணலை நான் கட்டி வைத்திருப்பேன். அதை ஏற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உன் அம்மாவுக்கு முன்னால் வந்து நில். நான் தள்ளி நின்றுகொள்கிறேன். அவள் ஒரு கேள்வி கேட்பாள். அது என்ன கேள்வி என்று உனக்குத் தெரியும்.

வாயைத் திறந்து பதில் சொல்லாதே. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். இறக்கிக் காட்டு.

பக்கிள் செய்தவன்,
உன் அப்பன்.